கறுப்பு எருமை என்னும் இசைத்தட்டு

சனிக்கிழமை காலையில் கப்ரியேலிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. சைகோனின் டோங் டு தெருவில், பள்ளிவாசலுக்கு எதிர்வரிசையில் ஒரு சீனன் நடத்திய காப்பிக் கடையில் உட்கார்ந்து, காப்பியைத் தட்டில் ஊற்றி ஆறவைத்துவிட்டு, பிரெஞ்சுப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தைப் பிரிப்பான். முதல் பக்கத்தில் சண்டையில் எந்த ஊரில் எத்தனை பேர் செத்தார்கள் என்று போட்டிருக்கும். அது அவனுக்கு வேண்டியதில்லை. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் ‘புதிய இசைத்தட்டுகள்’ என்று ஒரு பத்தி வரும். நியூயார்க்கில் எந்த ட்ரம்பெட்காரன் புது ஜாஸ் தட்டு வெளியிட்டிருக்கிறான், சிகாகோவில் எந்த ஃபங்க் கோஷ்டியின் பாட்டு முதலிடத்துக்கு ஏறியிருக்கிறது, பாரிஸில் யாருக்குப் பரிசு கொடுத்தார்கள் என்று வாராவாரம் வரும். கப்ரியேல் அதை எழுத்துக்கூட்டுவதுபோல மெதுவாகப் படிப்பான். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குறை வைத்திருப்பான்.

“இவனுக்கா பரிசு? மூக்கடைச்சவன் பேசற மாதிரி ஊதுவான்” என்பான், கேட்க ஆளில்லாவிட்டாலும்.

அவன் அப்பா காரைக்காலிலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்கு வந்தவர். பட்டாள பேண்டு கோஷ்டியில் மகனைக் கிளாரினெட் பழகவிட்டார். பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டியபோது அவர்களோடு பாண்டிச்சேரிக் குடும்பங்கள் பலவும் பிரான்சுக்கு, மர்சேய் துறைமுகத்துக்குக் கப்பலேறின. கப்ரியேல் போகவில்லை. அங்கே போனால் நூற்றில் ஒருவன், இங்கே நான் ஒருவன்தான் என்று கணக்குப் போட்டான். கிளாரினெட்டை விட்டு சாக்ஸபோனுக்கு மாறினான். அமெரிக்கர்கள் வந்திறங்கினார்கள், அவர்களுடைய கிளப்புகள் முளைத்தன. மதிய ஆட்டங்களுக்கு வாத்தியக்காரர்கள் கிடைக்காமல் ஆள் தேடினார்கள். 1970இல் கப்ரியேலுக்கு நாற்பத்து நான்கு வயது. சைகோனில் அவனைப் போல ஃபங்க் ஊதுபவன் யாருமில்லை. இதை மற்றவர்களும் ஒப்புக்கொண்டிருப்பார்கள். அவன் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொன்னதுதான் அவர்களால் தாங்க முடியவில்லை.

கோஷ்டியின் தலைவன் அகுஸ்தேன், டிரம் வாசிப்பவன். அவனும் காரைக்கால் வழிதான், கப்ரியேலைவிட எட்டு வயது இளையவன். கோஷ்டிக்கு வண்டி, வாத்தியம், கிளப்புகளோடு பேச்சு எல்லாம் அவன் பொறுப்பு. பத்திரிகையில் அந்தப் பத்தியை எழுதிய ழான் அகுஸ்தேனின் நண்பன். பகலில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. சிப்பாய்கள் படித்துப் போட்ட அமெரிக்கப் பத்திரிகைகளைப் பொறுக்கி, அவற்றிலிருந்து செய்தி எடுத்து பிரெஞ்சில் எழுதுவான்.

“ழான், நீ சங்கீதத்தைப் பத்தி எழுதறது, நாக்கு இல்லாதவன் சமையலைப் பத்தி எழுதற மாதிரி” என்று கப்ரியேல் ஒருமுறை கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னான். ழான் சிரித்துக்கொண்டே காப்பியைக் குடித்தான். மறக்கவில்லை.

அகுஸ்தேனுக்கு நடந்தது அதைவிட மோசம். விமான நிலையத்துப் பக்கம் ஒரு சார்ஜன்ட்கள் கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் நிறைந்த மதியம். புதிதாக வந்த ஒரு ஃபங்க் பாட்டில் அகுஸ்தேனின் அடி கொஞ்சம் பின்தங்கியது. கப்ரியேல் ஊதுவதை நிறுத்தினான். மேடையைத் தாண்டிப் போய் அகுஸ்தேன் கையிலிருந்த குச்சிகளைப் பிடுங்கினான். “இப்படி!” என்று அவனே அடித்துக் காட்டினான். சிப்பாய்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். குச்சிகளைத் திருப்பிக் கொடுக்கும்போது, “கல்யாண வீட்டுத் தவிலுன்னு நெனச்சியா?” என்று தமிழில் கேட்டான்.

அகுஸ்தேன் குச்சிகளை வாங்கிக்கொண்டு அன்றைய ஆட்டத்தை முடித்தான். 

அந்தக் கிளப்பில் ஒரு கறுப்பு அமெரிக்க சார்ஜன்ட் இருந்தான். கப்ரியேல் சொந்தமாக ஒரு மெட்டு போட்டிருந்தான், அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. அந்த மெட்டின் மேல் சார்ஜன்டுக்கு ஒரே பித்து. ஊருக்குக் கிளம்புமுன் டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து அதைப் பதிவு செய்துகொண்டான். சிகாகோவில் தன் உறவுக்காரன் ஒருவன் இசைத்தட்டுக் கம்பெனியில் இருக்கிறான், அவனிடம் கொடுக்கிறேன் என்று கப்ரியேலின் முதுகைத் தட்டிவிட்டுப் போனான். அதன்பின் அவனைப் பற்றித் தகவல் இல்லை.

நான்கு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, காப்பித் தட்டை வாயருகே கொண்டுபோன கப்ரியேலின் கை அந்தரத்தில் நின்றது. பத்தியின் நடுவில் அவன் பெயர் இருந்தது.

நமது நகரத்துக் கிளப்புகளில் புகழ்பெற்ற சாக்ஸபோன் கலைஞர் முசியே கப்ரியேல் இயற்றி வாசித்த ‘கறுப்பு எருமை’ என்னும் ஃபங்க் இசையை, சிகாகோக் கம்பெனி ஒன்று இந்த மாதம் தட்டாக வெளியிட்டிருக்கிறது. அங்குள்ள விமரிசகர்கள் இந்த ஆண்டின் சிறந்த பத்துத் தட்டுகளில் இதைச் சேர்த்திருக்கிறார்கள். இவ்வளவுதான் செய்தி.

கப்ரியேல் எழுந்து நின்றான். காப்பி சட்டையில் கொட்டியது. கடைக்காரச் சீனன் துணியோடு ஓடிவந்தான். அவனுடைய இரண்டு காதையும் பிடித்து நெற்றியில் முத்தமிட்டான் கப்ரியேல்.

வீட்டில் அவன் மனைவி அந்துவானேத் கோஷ்டிக்காரர்களுக்குக் கழுத்தில் கொசுவம் வைத்த மேடைச் சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தாள். செய்தியை அவன் படிக்கப் படிக்கத் தையல் மெஷினை நிறுத்தாமலேயே கேட்டாள். பிறகு நிறுத்தினாள்.

“நல்ல விஷயந்தாங்க. ஆனா உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாமயா தட்டு போட்டாங்க?”

“பெரிய கம்பெனி அப்படித்தான். மொதல்ல பத்திரிகைக்காரனுக்குத்தான் சொல்லுவான்.”

“எருமைன்னா பேரு வப்பாங்க?”

“உனக்கு என்னா தெரியும்? ஃபங்க்குல அப்படித்தான் பேரு இருக்கும். கறுப்புன்னா அங்க பெருமை. சட்டை தைக்கிறவ சட்டையைத் தை.”

அந்த நகரத்தில் அவனைச் சின்ன வயதிலிருந்து ‘சாவா’ என்று கூப்பிட்டவர்கள் உண்டு. கறுத்த தோல்காரர்களுக்கு அங்கே அதுதான் பெயர். இப்போது அந்தக் கறுப்பே கடல்தாண்டித் தட்டில் ஏறிவிட்டது என்று அவன் நினைத்தான். கண்ணாடி முன் நின்று அந்தப் பெயரைப் பிரெஞ்சில் ஒருமுறை, இங்கிலீஷில் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். அந்துவானேத் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவனைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை.

அடுத்த ஒத்திகைக்குப் போனதும் கப்ரியேல் கோஷ்டியை விட்டு விலகுவதாகச் சொன்னான். சாதாரணமாகச் சொல்லவில்லை. ஒவ்வொருவனையும் பார்த்து அவனவன் வாசிப்பில் உள்ள கோளாறைச் சொன்னான். கிட்டார் வாசித்த நாகப்பன் லேவாதேவிக் கடைக் கணக்கப்பிள்ளையின் மகன். “நீ போய் உங்கப்பாவோட உக்காந்து வட்டி எழுது” என்றான் அவனிடம். எல்லோரும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்கள். அது பணிவு என்று நினைத்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

அகுஸ்தேன் எழுந்துவந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். “அண்ணே, போறது போறீங்க. எங்க கையால ஒரு விருந்து சாப்பிட்டுட்டுப் போங்க. நம்ம ஜனமெல்லாம் வரட்டும். நம்மள்ல ஒருத்தன் இவ்வளவு தூரம் வந்திருக்கான்னு அவங்களுக்கும் தெரிய வேணாமா?”

சீனர்கள் வாழும் சோலோன் பகுதியில் ஒரு உணவகத்தின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து விருந்து. பாண்டிச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் நகரத்தில் கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தன. பாதிக்கு மேல் வந்துவிட்டார்கள். பழைய பட்டாளக்காரர்கள் மெடல் குத்திக்கொண்டு வந்தார்கள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு விஷயம் முன்பே தெரியும். அந்துவானேத்துக்குத் தெரியாது. பச்சைப் பட்டில் தானே தைத்துக்கொண்ட உடுப்போடு புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

கப்ரியேல் பிரெஞ்சில் நன்றி சொன்னான். பிறகு தமிழுக்கு மாறினான். “உங்கள்ல யாருக்கும் என் சங்கீதம் புரிஞ்சதில்லை. அதுல எனக்கு வருத்தமும் இல்லை. புரியறவன் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தான்” என்றான். கைதட்டல் பலமாக இருந்தது.

ழான் எழுந்து, சிகாகோ கம்பெனி அந்த இசையின் டேப்பை விமானத்தில் அனுப்பியிருப்பதாகவும் அதை முதன்முதலாக இங்கே போடப்போவதாகவும் அறிவித்தான். அகுஸ்தேன் டேப் ரெக்கார்டரை மேசை நடுவே வைத்தான். சக்கரங்கள் சுழன்றன. கப்ரியேலின் மெட்டு எழும்பியது. கிளப்பில் பதிவு செய்ததுதான், அதே ஆட்டம், அதே குரலொலிகள். கப்ரியேல் கண்களை மூடிக்கொண்டான். மெட்டு மேலே ஏறி, அவன் மூச்சை இழுத்து நீளமாக ஒரு சுரத்தைப் பிடிக்கும் இடம் வந்தது. சுரம் வரவில்லை. எருமை கத்தியது.

அசல் எருமைதான். நகரத்துக்கு வெளியே ஒரு ராணுவ முகாமுக்கு வாசிக்கப் போன மதியம் சாலையோர வயலில் வண்டியை நிறுத்தி, எருமையின் வாயருகே மைக்கைப் பிடித்து அகுஸ்தேன் பதிவு செய்திருந்தான். சார்ஜன்டின் டேப்பிலிருந்து முன்பே எடுத்து வைத்திருந்த பிரதியில் அதை ஒட்டியிருந்தான். அது மூன்றுமுறை கத்தியது. ஒவ்வொரு முறையும் கப்ரியேல் ஊதுமுன் ‘ம்ஹூம்’ என்று மூச்சிழுக்கும் சத்தத்தை முன்னால் ஒட்டியிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்காகத்தான் அவன் இல்லாதபோது கோஷ்டியில் எல்லோரும் அவனை எருமை என்று கூப்பிடுவார்கள். டேப்பின் கடைசியில் ழானின் குரல்: “சிகாகோ விமரிசகர்களின் பாராட்டுகள், முசியே.”

மாடியே வெடித்தது. மெடல் குத்தியிருந்த கிழவர் ஒருவர் புரையேறி இருமினார். தட்டு ஏந்தி நின்ற சீனப் பணியாளர்களும் காரணம் தெரியாமலே சிரித்தார்கள். கப்ரியேல் புன்னகை மாறாமல் இருந்தான். டேப் ஏதோ மாறிவிட்டது, சரியான டேப்பைப் போடுவார்கள் என்று காத்திருந்தான். அதைப் பார்த்து மறுபடி சிரித்தார்கள்.

அந்துவானேத்துக்கு முதலில் புரிந்தது. எழுந்துவிட்டாள்.

“நீங்கள்லாம் மனுசங்கதானா? அகுஸ்தேன், போன வாரம் என் கையால சாப்ட்டியேடா!”

கப்ரியேல் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். “உக்காரு. வேடிக்கைதானே. நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். மீன் வந்தது. அதைச் சாப்பிட்டான். பழம் வரும்வரை இருந்தான்.

திரும்பும்போது சிக்லோ என்னும் மிதிரிக்ஷாவில் இருவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவள் அவன் தோளில் கை வைத்தாள். தட்டிவிட்டான்.

“நீயும் சிரிச்ச” என்றான்.

“நானா? ஆண்டவர் சத்தியமா...”

“பாத்தேன். எருமைன்னா பேரு வப்பாங்கன்னு அன்னிக்கே கேட்டியே. உனக்கு முன்னாலேயே தெரியும்.”

வீட்டுக்குப் போனதும் அவள் அந்தப் பச்சை உடுப்பைக் கழற்றி மடித்து வைத்தாள். அவன் அதை எடுத்து, அவளுடைய தையல் கத்தரியாலேயே கழுத்திலிருந்து கீழ்வரை வெட்டிப் போட்டான். அவள் தடுக்கவில்லை. துண்டுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். அதன்பின் பட்டு தைத்துக்கொள்ளவில்லை.

இரண்டு மாதம் வேறு கோஷ்டிகளிடம் அலைந்தான். எங்கே போனாலும் அவனுக்கு முன்பே கதை போயிருந்தது. கதவைத் திறப்பவர்கள் முதலில் சிரித்துவிட்டுத்தான் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தபின் இடமில்லை என்றார்கள். கடைசியில் அகுஸ்தேனிடமே போய் நின்றான்.

அகுஸ்தேன் அவனை உட்காரச் சொல்லவில்லை. முதல்முறையாக ‘நீ’ என்று பேசினான்.

“சேத்துக்கறேன். ஆனா ஒவ்வொரு ஆட்டத்துலயும் எருமை ஐட்டம் இருக்கணும். கொம்பு வச்ச தொப்பி போட்டுக்கிட்டுத்தான் நீ ஊதணும். சம்மதமா?”

கப்ரியேல் சம்மதித்தான். வீட்டுக்கு வந்து அந்துவானேத்திடம் சொன்னான்.

“கொம்பு வச்ச தொப்பி ஒண்ணு தைக்கணும்.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

“நான் தைக்க மாட்டேன்.”

“நீ தைக்கலேன்னா வெளியில குடுத்துத் தைப்பேன். அவன் தெருவெல்லாம் சொல்லுவான். அதுதான் வேணுமா உனக்கு?”

அவள் கறுப்பு வெல்வெட்டில் பஞ்சடைத்துத் தைத்தாள். அவன் கண்ணாடி முன் போட்டுப் பார்த்து, இடது கொம்பு சாய்ந்திருக்கிறது என்று பிரிக்கச் சொன்னான். பிரித்துத் தைத்தாள். வலது கொம்பு சிறிது என்றான். அதையும் பிரித்தாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, “ஏதோ நீதான் மாட்டிக்கப் போற மாதிரி அழுவுற” என்றான்.

எருமை ஐட்டம் பிரமாதமாக எடுபட்டது. கொம்பைக் கண்டதும் சிப்பாய்கள் எருமைபோலக் கத்துவார்கள், வாழைப்பழத்தோலும் பீர் டப்பாவும் மேடைக்கு வரும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் கப்ரியேல் அந்த மெட்டை ஊதினான். முன்பெல்லாம் அதைக் கொஞ்சம் அலங்காரமாக ஊதுவான். இப்போது அலங்காரம் போய்விட்டது. ஒவ்வொரு சுரமும் பல்லைக் கடித்துக்கொண்டு வருவதுபோல வந்தது. கூடத்தில் கத்திக்கொண்டிருந்தவர்கள் பாட்டின் பாதியில் தாமாகவே அடங்கிப்போவார்கள். நாகப்பன்கூட ஒருமுறை வண்டியில் வரும்போது, “அண்ணே, இன்னிக்கு என்னமோ பண்ணிட்டீங்க” என்றான்.  யார் பாராட்டினாலும் அடுத்து எருமை கத்தும் என்று காத்திருக்கக் கப்ரியேல் பழகியிருந்தான்.

அடுத்த வருடம் மழைக்காலம் தொடங்கும்போது ஒரு வெள்ளைக்காரன் அவர்கள் சந்துக்கு வீடு தேடி வந்தான். ஹாங்காங்கில் ஒரு சின்ன இசைத்தட்டுக் கம்பெனி நடத்துகிறவன். கிளப்பில் இரண்டு மதியம் உட்கார்ந்து கேட்டிருக்கிறான். அந்த மெட்டை ஹாங்காங்குக்கு வந்து வாசித்துக் கொடுத்தால் கப்ரியேல் பெயரிலேயே தட்டு போடுவதாக, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகச் சொன்னான்.

கப்ரியேல் அவனை முழுக்கப் பேசவிட்டான். பிறகு ஆணியில் மாட்டியிருந்த கொம்புத் தொப்பியை எடுத்து அவன் தலையில் அழுத்தி மாட்டினான். சட்டைக் காலரைப் பிடித்துச் சந்து வழியாகத் தெரு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான்.

“அகுஸ்தேன் எவ்வளவு சாராயம் வாங்கிக் கொடுத்தான் உனக்கு? போய்க் கத்து! எருமை மாதிரிக் கத்து!” என்று இங்கிலீஷில் கூச்சலிட்டான். அக்கம்பக்கத்து வியட்நாமியப் பெண்கள் கதவோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“என்னாங்க, விடுங்க! அவரு நெஜமாத்தான் வந்திருக்காரு. முகத்தைப் பாத்தா தெரியலயா?” அந்துவானேத் குறுக்கே விழுந்தாள்.

“உனக்கும் இதுல பங்கா?” என்று அவளைச் சுவரில் தள்ளினான்.

வெள்ளைக்காரன் தலையிலிருந்ததை எடுத்து மதிலின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். அந்துவானேத்துக்கு அந்த நகரத்தில் போய்க் கேட்க வேறு யாருமில்லை. வெட்கத்தை விட்டு அகுஸ்தேன் வீட்டுக்கே போனாள்.

“நீ செஞ்ச வெனைதான் அகுஸ்தேன் இது. அவர் பைத்தியம் மாதிரி ஆயிட்டாரு. அந்தத் துரைகிட்ட நீ போய் நாலு வார்த்தை எடுத்துச் சொல்லு. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

“கவலைப்படாதீங்க அக்கா. நான் பேசறேன்” என்றான் அகுஸ்தேன்.

பேசினான். மூன்று மாதத்தில் தட்டு வந்தது. கப்ரியேலிடம் சொல்லாமல் அகுஸ்தேனும் கோஷ்டியும் ஹாங்காங் போய்ப் பதிவு செய்துகொண்டு வந்தார்கள். சாக்ஸபோனுக்கு மணிலாக்காரன் ஒருவன். பெயர் ‘கறுப்பு எருமை’. இயற்றியவர் என்ற இடத்தில் அகுஸ்தேனின் பெயர். சைகோனில் தட்டு விற்கும் கடைகளிலெல்லாம் அது சுழன்றது. மணிலாவிலும் நன்றாகப் போயிற்று என்று ழான் எழுதினான். இந்தத் தடவை அவன் எழுதியதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

கப்ரியேல் அகுஸ்தேன் வீட்டு வாசலில் போய் நின்றான்.

“அது என் மெட்டுடா.”

அகுஸ்தேன் சாய்வு நாற்காலியிலிருந்து எழவில்லை. “உன் மெட்டா? ஊர்ல யாரை வேணா கேளு. உன் தட்டு போன வருஷமே சிகாகோவுல வந்துடுச்சின்னுதான் சொல்லுவாங்க. போய் அங்க கேளு.”

உள்ளேயிருந்து யாரோ சிரித்தார்கள். கப்ரியேல் கையை ஓங்கினான். ஓங்கிய கை என்ன செய்வதென்று தெரியாமல் கீழே இறங்கியது.

எழுபத்து மூன்றில் அமெரிக்கர்கள் போனார்கள். கிளப்புகள் மூடின. அகுஸ்தேன் தட்டின் புண்ணியத்தில் மணிலாவில் ஒரு ஓட்டலில் இடம் பிடித்துக்கொண்டு போய்விட்டான். கப்ரியேல் சோலோனில் சாவு ஊர்வலங்களுக்கு வாசிக்கும் ஒரு பேண்டு கோஷ்டியில் சேர்ந்தான். வெள்ளை உடுப்பு, தோளில் பித்தளைச் சரிகை. யாரும் சிரிக்காத ஒரே இடம் அது. அங்கே அவன் ஒழுங்காக இருந்தான். வீட்டில் மட்டும் மாறவில்லை. அந்துவானேத் அகுஸ்தேன் வீட்டுக்குப் போன விஷயம் அவனுக்குத் தெரிந்திருந்தது. நீதான் என் மெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாய் என்று தினமும் சாப்பாட்டுத் தட்டின் முன் ஒருமுறை சொல்வான். குரலை உயர்த்தமாட்டான். சொல்லிவிட்டுச் சாப்பிடுவான்.

ஒரு வருடம் அவள் அதைக் கேட்டாள். பிறகு பிரெஞ்சுத் தூதரகத்துக்குப் போய்த் தன் பிரஜைப் பத்திரங்களைப் புதுப்பித்துக்கொண்டாள். அவள் தங்கை பிரான்சில், துலூசில் இருந்தாள்.

“உங்களுக்கும் சேத்துத்தான் கேட்டிருக்கேன். வாங்க. அங்க நம்மள யாருக்கும் தெரியாது” என்றாள்.

“அங்க எதைக் கொண்டுபோய் எவன்கிட்ட குடுக்கப் போற?” என்றான்.

அவள் தனியாகக் கிளம்பினாள். எழுபத்து நான்கு நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று காலை கப்ரியேலுக்குச் சோலோனில் ஒரு அரிசி வியாபாரியின் சாவு. விமான நிலையத்துக்குப் போகும் வழியில் அவள் டாக்சியைச் சுற்றுவழியில் விடச் சொல்லி, ஊர்வலம் வரும் தெருவில் நிறுத்தினாள். பாடை வண்டிக்கு முன்னால் அவர்கள் ஊதிக்கொண்டு வந்தார்கள். அவள் இறங்கி, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அவன் பக்கத்தில் கூடவே நடந்தாள்.

“போயிட்டு வரேங்க” என்றாள்.

அவன் நேரே பார்த்து ஊதிக்கொண்டு நடந்தான்.

“ஒரு வார்த்தை சொல்லுங்க. திட்டியாவது அனுப்புங்க.”

கோஷ்டியில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒருவன் வாயை எடுத்தால் பாட்டு நின்றுவிடாது. பக்கத்தில் ட்ரம்பெட் ஊதிய சீனக் கிழவர்கூட முழங்கையால் அவனை இடித்தார். கப்ரியேலின் கன்னங்கள் உப்பின. சாக்ஸபோனை வாயிலிருந்து எடுக்கவில்லை. தெருமுனை திரும்பும் இடத்தில் இறந்தவரின் மருமகள்கள் அவளை ஒதுங்கச் சொன்னார்கள். அவள் ஒதுங்கினாள். டாக்சிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான்.

அடக்கம் முடிந்து வாத்தியக்காரர்களுக்குக் கஞ்சியும் வாத்துக்கறியும் போட்டார்கள். கப்ரியேல் இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கினான். யார் அந்தப் பெண் என்று சீனக் கிழவர் கேட்டார்.

“தையக்காரி” என்றான்.